கோதுமை ஆகாது, பால் ஆகாது: பிறந்தநாள் கேக்குக்கு எந்த வழி?

என் மகனுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றும் ஆகாது. அவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவன் சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பால் அலர்ஜி. இரண்டும் ஒரே தெரு, ஒரே பள்ளி வேன். ஒன்றின் பிறந்தநாளுக்கு இன்னொன்று வந்தே தீர வேண்டும். ஆக, சில வருடங்களாக எங்கள் தெருவில் கேக் என்பது ஒரு பெரிய விவகாரம்.

இது தெரிந்து மயிலாடுதுறையைச் சுற்றி, கும்பகோணம், திருவாரூர் வரைக்கும் யாராவது ஒரு அம்மா போன் செய்துகொண்டே இருப்பார். கேள்வி ஒன்றுதான். ஊர் பேக்கரியில் தனியாகச் சொல்லிச் செய்யலாமா, சென்னையிலிருந்து வரவழைக்கலாமா, நாமே சுடலாமா, இல்லை கேக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நான்கையும் செய்து பார்த்துவிட்டேன், நான்கிலும் ஒருமுறையாவது கையைச் சுட்டுக்கொண்டுவிட்டேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

## எந்த "ஆகாது"?

போனில் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத குழந்தை ஒரு வகை. வயிறு உப்பும், பேதியாகும். அந்தக் குழந்தைக்கு லாக்டோஸ் நீக்கிய பால் ஒத்துக்கொள்ளும், கொஞ்சம் தயிர்கூடத் தாங்கலாம். பால் அலர்ஜி இதுவல்ல. பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக் கிளம்புவது அது. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும். நெய்யில் மிகக் குறைவு, ஆனால் துளியும் இல்லை என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. "நெய்தானே, வாசனைக்கு ஒரு சொட்டு" என்று சொல்ல ஒரு பெரியவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

முட்டை அலர்ஜியில் இன்னொரு குழப்பம். கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ஆனால் உங்கள் குழந்தை அந்த வகையா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிறந்தநாள் அன்றைக்கு நாம் பரிசோதித்துப் பார்க்கக் கூடாது.

சீலியாக்கில் உடனே வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் "போன வாரம் ஒரு பிஸ்கட் தின்றான், ஒன்றும் ஆகலையே" என்ற பேச்சு இதில் செல்லாது. உள்ளே குடல் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு விஷயம்: சீலியாக்கோ என்று சந்தேகம் மட்டும் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடியும் முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் இருப்பதே தெரியாமல் போகலாம்.

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் அம்மாக்களும் கேட்கிறார்கள். அவர்கள் கணக்கு வேறு: எவ்வளவு மாவுச்சத்து, அதற்கு எவ்வளவு இன்சுலின். அதை மருத்துவரோடுதான் போட வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டதால் தப்பித்தோம் என்று இல்லை. அவையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

முதலாவது, கலப்பு. கேக்கில் என்ன போட்டார்கள் என்பது பாதிதான். எந்தக் கரண்டியால் கலக்கினார்கள், எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்பது மீதி. "குளூட்டன் இல்லை" என்று அச்சடிக்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு கிலோ அரிசி மாவில் அரைக் கிராம் மைதா விழுந்தாலே அந்த அளவு தாண்டிவிடும்.

இரண்டாவது, வந்த எல்லோரும் அதே கேக்கைச் சாப்பிட முடியுமா. நோய் தெரிந்தபின் வந்த முதல் பிறந்தநாளில் விருந்தாளிகளுக்குப் பேக்கரி கேக், அவனுக்கு ஒரு சின்ன டப்பாவில் தனியாக என்று ஏற்பாடு செய்தேன். போட்டோவில் அவன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இரண்டு கேக் வைப்பதில்லை.

மற்றவை சாதாரணமானவை: நம்மூர் வெயிலைத் தாங்குமா, பணமும் நேரமும் எவ்வளவு போகும், குழந்தை அதைக் கேக் என்று ஒப்புக்கொள்ளுமா.

## ஊர் பேக்கரி

முட்டை மட்டும்தான் பிரச்சினை என்றால் இதுவே போதும். முட்டையில்லாத கேக் இன்றைக்குக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று எங்கே போனாலும் கிடைக்கிறது. சைவக் குடும்பங்கள் அதிகம் வாங்குவதால் கடைக்காரருக்கும் பழகிய சரக்கு. அதே பீட்டரில் முட்டை கேக்கும் அடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு துளிக்கே உடம்பு தடித்துப்போகும் குழந்தையென்றால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பால் ஆகாத குழந்தைக்கு இங்கேதான் பெரிய பொறி. முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல சமயம் கண்டென்ஸ்டு மில்க்கைத்தான் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் தயிர். அதாவது முட்டையில்லாத கேக்கில் பால் கூடுதலாகக்கூட இருக்கலாம். எதிர்வீட்டுப் பெண்ணின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு கடையில் "பால் இல்லாம செஞ்சு தருவீங்களா அண்ணே" என்று கேட்டபோது, "நம்ம க்ரீம் நான்-டெய்ரிம்மா, பாலே கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது. பின்னால் சிறிய எழுத்தில் சோடியம் கேசினேட் என்றும் போட்டிருந்தது. கேசின் என்பது பால் புரதம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தது அந்தக் குழந்தையின் அப்பா. அவர் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம். பச்சைப் புள்ளியையும் நம்பிவிட வேண்டாம். அது சைவம் என்பதற்கான குறி, பால் சைவம்தான்.

சீலியாக் குழந்தைக்குச் சாதாரண பேக்கரி வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. அரிசி மாவிலேயே செய்து தருகிறேன் என்று அவர் மனதாரச் சொன்னாலும், அந்த அறையின் காற்றிலேயே மைதா பறக்கிறது. மேசை, தட்டு, ஓவன் கதவு எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்பவரிடமே நேரே பேசலாம், பொருளை நாமே வாங்கிக் கொடுக்கலாம் என்பது நல்ல வசதி. பால் அலர்ஜிக்கு, பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால் நான் அவரிடம் போவேன். கோதுமைக்குப் போக மாட்டேன். அவர் வீட்டு அடுப்படியும் மைதா அடுப்படிதான்.

## சென்னையிலிருந்து வரவழைப்பது

குளூட்டன் இல்லாத பண்டங்களை மட்டுமே செய்யும் அடுக்களைகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. கலப்பு என்ற ஒரு விஷயத்தில் இதை மிஞ்ச முடியாது. என் தம்பி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்து, விடிவதற்குள் மயிலாடுதுறையில் இறங்கிக் கையில் கொடுத்தான். க்ரீம் இல்லாத கேக்காக இருந்ததால் தப்பியது. அதற்கு அடுத்த வருடம் க்ரீம் வைத்ததைக் கூரியரில் போட்டோம். வந்தது கேக்கா களியா என்று சொல்ல முடியவில்லை.

மறைந்திருக்கும் செலவு போக்குவரத்தில் மட்டும் இல்லை. இந்தக் கேக்குகளில் பலவற்றில் மைதாவுக்குப் பதில் பாதாம் மாவுதான் முக்கியப் பொருள். அரைக் கிலோ விலையைக் கேட்டாலே மூச்சு முட்டும். முப்பது பேருக்கு வாங்க முடியாது. வாங்கினால் அவனுக்கு மட்டும் என்று சின்னதாக வாங்குவோம். மறுபடி அந்த டப்பா கதைதான். வந்த குழந்தைகளில் யாருக்காவது பாதாம், முந்திரி அலர்ஜி இருந்தால் இன்னொரு தலைவலி.

கேக்குக்குப் பதில் மாவுக் கலவைப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்வது நடுவழி. மாதக்கணக்கில் கெடாது. ஆனால் பொட்டலத்தின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். குளூட்டன் இல்லை என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே பால் பவுடர் இருக்கும். செய்முறையில் இரண்டு முட்டை, 100 கிராம் வெண்ணெய் கேட்கும். 2020 லேபிள் விதிகளின்படி பால், முட்டை, குளூட்டன் உள்ள தானியம், நிலக்கடலை, கொட்டைகள், சோயா போன்றவை இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைத் தேடிப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

## நாமே சுடுவது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முதல் இரண்டு முறை தோற்ற பிறகு வந்த ஓட்டு.

முதல் முறை, கோதுமை கேக் குறிப்பில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவைப் போட்டேன். வெட்டினால் மணல் வீடு மாதிரி சரிந்தது. மாவு உப்பும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைப்பதே குளூட்டனின் வேலை. அரிசியில் அது கிடையாது என்பதால் வேறு பசை வேண்டும். கடைகளில் சாந்தன் கம் என்று ஒன்று விற்கிறது. எனக்குக் கைகொடுத்தவை ஜவ்வரிசியும் இசப்கோலும். இரண்டாவது முறை ராத்திரியே சுட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் செங்கல். பழைய சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துப்போவதும் இதுவும் ஒரே சங்கதி. அரிசிக் கேக்கை அன்றே சுட்டு அன்றே வெட்ட வேண்டும்.

இப்போது நிலைத்துவிட்ட அளவு இது. இதில் கோதுமை, பால், முட்டை மூன்றும் இல்லை.

நைஸான பச்சரிசி மாவு ஒன்றேகால் கப், ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துச் சலித்தது கால் கப், இசப்கோல் இரண்டு டீஸ்பூன் (மருந்துக் கடையில் வாசனை சேர்க்காததாகக் கேளுங்கள்), நாட்டுச் சர்க்கரை முக்கால் கப், ஒரு சிட்டிகை உப்பு. இதில் ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், நன்றாகக் கனிந்த பூவன் பழம் இரண்டை மசித்தது, கால் கப் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கலக்கி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். இந்த அரை மணி நேரத்தைத் திருடாதீர்கள். மாவு ஈரத்தைக் குடித்தால்தான் நறநறப்பு போகும். இறுகிவிட்டால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, ஊத்தப்ப மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கொண்டுவாருங்கள். கடைசியாக ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சாறு விட்டதும் நுரைக்கும், உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லையா? அடிகனமான பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, கேக் தட்டை இறக்கிச் சிறு தீயில் 45 நிமிடம். குக்கரில் செய்தால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடாக்குவது குக்கருக்கு நல்லதில்லை, அதனால் நல்ல குக்கரை இதற்குப் பலிகொடுக்க வேண்டாம். கரண்ட் போகும் ஊரில் கேஸ் அடுப்புக் கேக்தான் நிம்மதி. நாகூர்ப் பக்கம் தம்ரூட் செய்பவர்கள் மேலும் கீழும் தணல் வைத்தே பொன்னிறமாகச் சுட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தின் பழைய கேக் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். பாவம், அதில் ரவை, முட்டை, நெய் என்று என் பட்டியலில் உள்ள எல்லாமே இருக்கிறது.

இந்த வழியின் மறைந்த செலவு மாவில் இருக்கிறது. நெல் விளையும் ஊரில் அரிசி மாவுக்கு என்ன பஞ்சம் என்று நானும் நினைத்தேன். மில்லில் நமக்கு முன்னால் கோதுமை ஓடியிருந்தால் நம் அரிசி மாவோடு அந்தக் கோதுமையும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். சீலியாக் குழந்தை உள்ள வீட்டில் மில் மாவே கூடாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, அதிரசத்துக்கு இடிப்பது போல வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலியுங்கள். இந்த ஈரமாவு ஈரத்தை ஏற்கெனவே குடித்திருக்கும் என்பதால் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சல்லடை, மரக்கரண்டி, கேக் தட்டு மூன்றும் புதிதாக, இதற்கென்றே இருக்க வேண்டும். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு நிற்கும்.

மேலே க்ரீம் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். தேங்காய்ப்பாலின் கெட்டியைக் குளிரவைத்து அடித்தால் அழகாக வரும், மார்கழியில். அதில் இருக்கும் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். நம்மூர் சித்திரையில் மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் ஓடிவிடும். நான் அந்த ஆசையை விட்டுவிட்டு இரண்டு அடுக்குக்கு நடுவில் தேங்காய்ப் பூரணம் வைக்கிறேன். கொழுக்கட்டைக்குச் செய்வதேதான், ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக. வெயிலுக்கு அசையாது. மேலே தூவும் கலர் மிட்டாய், சாக்லேட் எதுவானாலும் லேபிளைப் படித்த பிறகே.

## கேக்கே வேண்டாம்

என் மாமியார் சொல்லும் வழி. "மெழுகுவத்தி ஊதி அணைக்கிறதெல்லாம் எதுக்கு, பாயசம் வச்சா ஆகாதா?" என்பார். ஆகும் அத்தை, அவனுக்கு மூன்று வயதாக இருந்தால் ஆகும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வெட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

வெயில் காலத்தில் தர்பூசணியை உருளையாகச் செதுக்கி, திராட்சையும் மாதுளையும் பதித்து மெழுகுவத்தி வைத்தால் குழந்தைகள் கைதட்டுவார்கள். செலவு இல்லை, பயம் இல்லை, பல அலர்ஜிகள் ஒன்றாக உள்ள குழந்தைக்கு இதுதான் சரி. ஆனால் பாரம்பரியப் பலகாரம் என்றாலே பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். திருவையாறு அசோகா பாசிப்பருப்புப் பண்டம்தானே என்று தோன்றும், அதில் கோதுமை மாவும் நெய்யும் சேரும். சந்திரகலாவின் மேல்தோல் மைதா, உள்ளே பால்கோவா. சுண்டல்கூடப் பெருங்காயத்தால் கெடும். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | முட்டை மட்டும் | பால் அலர்ஜி | சீலியாக் | வெயில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| ஊர் பேக்கரி | நல்லது | டப்பாவைப் படித்தபின். சந்தேகம் என்றால் வேண்டாம் | வேண்டாம் | தாங்கும் | கேட்டு உறுதிசெய்யும் அலைச்சல் |
| வீட்டு ஆர்டர் | நல்லது | ஆளைப் பொறுத்து | வேண்டாம் | க்ரீமைப் பொறுத்து | பொருள் நாம் வாங்கித் தருவது |
| சென்னைக் கேக் | தேவையில்லை | லேபிளைப் பொறுத்து | மிக நல்லது | க்ரீம் இல்லாவிட்டால் மட்டும் | விலை, ஆள், கொட்டை அலர்ஜி |
| வீட்டில் சுடுவது | நல்லது | மிக நல்லது | தனிப் பாத்திரம் இருந்தால் மிக நல்லது | பூரணம் வைத்தால் தாங்கும் | இரண்டு ஒத்திகை, ஒரு முழு நாள் |
| கேக் இல்லாமல் | நல்லது | நல்லது | நல்லது | தாங்கும் | பெரிய பிள்ளையின் கோபம் |

வேலைக்குப் போகும் அம்மா, சீலியாக் குழந்தை, ஒத்திகைக்கு நேரமே இல்லை என்றால் தயங்காமல் சென்னைக் கேக்குக்குப் போங்கள். மற்றவர்களுக்கும் அதையே சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். வீட்டில் தினமும் சப்பாத்தி, பூரி ஓடுகிறது, அடுக்களை பலர் கைக்கு வந்து போகிறது என்றாலும் அதுவே மேல்.

## வெட்டும் நேரம்

எந்த வழியை எடுத்தாலும் அது கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். நம் வீட்டில் கேக்கை வெட்டியதும் ஆளாளுக்கு ஒரு துண்டு ஊட்டிவிடுவார்கள். சித்தப்பா கையில் சற்று முன் சமோசா இருந்திருக்கும். அதனால் சமோசா, மிக்சர், ஐஸ்க்ரீம் எல்லாம் ஊட்டல் முடிந்த பிறகுதான் வெளியே வரும் என்று வைத்துவிட்டேன். கத்தி புதிது. ஊட்ட வருகிறவர்கள் கை கழுவ வேண்டும் என்பதைச் சொல்லும் பொறுப்பை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அலர்ஜிக் குழந்தை விருந்தாளியாக வந்திருந்தால், உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, விடாமல் வாந்தி, மூச்சுத் திணறல் இவற்றைக் கண்டால் மோர் கொடுத்துப் பார்ப்பது, சரியாகிவிடும் என்று காத்திருந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்து இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு உடனே 108.

போன வருடம் பூரணம் வைத்த இரண்டடுக்குக் கேக். எதிர்வீட்டுப் பெண் மூன்று துண்டு தின்றாள். வேன் டிரைவர் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறந்தநாள்காரன் நடுவிலிருந்த பூரணத்தை மட்டும் விரலால் சுரண்டித் தின்றுவிட்டுக் கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் பலூனைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டான்.